என் அம்மாவின் கூறையில் இன்னொருவனின் அம்மா

என்னோடு ஓவியம் படிக்கிறவனின் அம்மா, அவன் வரையும் படத்துக்கு முன்னால் இருக்க வந்த முதல் நாளே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி, ஒரு கையில் கூடையும் மறு கையில் குடையுமாக, எங்கள் ஸ்டூடியோவுக்குள் ஏதோ தங்கச்சி வீட்டுக்கு வருவதுபோல வந்தார். வந்ததும் நாற்காலியில் இருக்கவில்லை. கூடையைத் திறந்து, அங்கே நின்ற எல்லோருக்கும் ஆளுக்கொரு மீன் கட்லட் கொடுத்தார். அன்றைக்கு எங்களைப் பார்வையிட வந்திருந்த விரிவுரையாளருக்கும் ஒன்று. அதன் பிறகுதான் மகனைப் பார்த்து, "எங்கடா ஒக்காரணும்? வெயில் மூஞ்சில அடிக்காத எடமாப் பார்த்துப் போடு" என்றார்.

நான் என் கட்லட்டைத் தின்றேன். நல்ல கட்லட். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவனும் நானும் ஓவியப் பட்டப்படிப்பில் ஒரே வருடம். ஸ்டூடியோவின் ஒரே மூலையில் இருவரும் முதுகுக்கு முதுகாக நின்று வரைகிறவர்கள். கடைசி வருடத்துக்கு இருவரும் எடுத்துக்கொண்ட விஷயமும் ஒன்றுதான்: தன் பாலாரை விரும்புகிறவர்கள், திருநர் என்று எங்களைப் போன்ற பால்புதுமை ஆட்களை, அவரவர் வீட்டு வழி வந்த ஒரு பொருளோடோ உடுப்போடோ இருத்தி உருவப்படம் வரைவது. விஷயம் முதலில் எனக்குத்தான் தோன்றியது. வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கற்களில் இருந்து கடலை கொறித்துக்கொண்டு, நான்தான் அவனுக்குச் சொன்னேன். அப்போது அவன் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளை வரைந்துகொண்டிருந்தான். அடுத்த கிழமை பார்த்தால் பாரந்தூக்கிகளைக் காணவில்லை.

"இது என்ர ஐடியா" என்றேன்.

"ஐடியா ஒன்டதா இருக்கலாம் மச்சான். ஆனா நீ மட்டுமா அப்பிடி? நானுந்தானே?" என்றான். பெண்ணானாலும் அவனுக்கு நான் மச்சான்தான்.

சரி, இருவரும் செய்வோம் என்று தொடங்கினோம். அவனுக்குக் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். முகத்துவாரத்துத் திருநங்கை ஒருவர் தன் தாயின் கலியாண நகைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு, நாடியை நிமிர்த்தி இருந்தார். அவருடைய அப்பாவின் மீன்பிடி வலை நாற்காலிக்குப் பின்னால் திரையாகத் தொங்கியது. எனக்கு வந்தவர்களோ வெள்ளவத்தைப் பக்கத்து எங்கள் ஆட்கள். கணக்காளர், வங்கி உத்தியோகத்தர், வைத்தியம் படிக்கிற பிள்ளை. எல்லோருக்கும் ஒரே நிபந்தனை. முகம் தெரியக்கூடாது. "கழுத்துக்குக் கீழ கீறுமன்", "நான் யன்னல் பக்கம் திரும்பியிருக்கிறன்", "மாமா ஆக்கள் ஃபேஸ்புக்கில கண்டால் முடிஞ்சுது."

விரிவுரையாளர் அவனுடைய படங்களுக்கு முன்னால் நின்று "ஹரி லஸ்ஸனய்", மிக அழகு என்று சிங்களத்தில் இழுத்து ரசித்தார். என்னுடைய படங்களுக்கு முன்னால் வந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "நிறைய முதுகுகள்" என்றார்.

அதற்குமேல் ஒரு கட்டாய விதியும் இருந்தது. படவரிசையில் ஒரு படமாவது மாணவரின் சொந்த வீட்டு ஆளுடையதாக இருக்க வேண்டும். புகைப்படத்தைப் பார்த்து வரையக்கூடாது, முன்னால் இருத்தித்தான் வரைய வேண்டும். அந்தப் படம் இல்லாவிட்டால் வரிசையைப் பரீட்சைக்கு ஏற்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் உயிரோடு இருப்பது அம்மா மட்டும்தான்.

அம்மாவிடம் நான் ஏற்கனவே கேட்டிருந்தேன். வங்கி வேலை முடிந்து வந்து, சேலைகூட மாற்றாமல் குசினியில் பருப்பு அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு ஒருக்கா இருந்து தருவீங்களோ?"

"எங்க இருக்க?"

"படத்துக்கு. கடைசி வருசத்துக்கு வீட்டு ஆள் ஒராளைக் கீற வேணும்."

"அப்பாவைக் கீறன்."

"உயிரோட இருக்கிற ஆள் வேணும். முன்னால இருத்திக் கீறவேணும்."

அம்மா அகப்பையால் ஹோலைக் காட்டினார். அங்கே சுவரில் அப்பா பெரிதாகத் தொங்குகிறார். பிளாஸ்டிக் மாலை, நெற்றியில் சந்தனம், மேலே சின்னச் சிவப்பு பல்ப். எங்கள் ஆட்களின் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த அளவுப் படம் செத்தவர்களுக்குத்தான்.

"பெரிசாக் கீறிக் கொழுவுறது ஆரை எண்டு தெரியுந்தானே. என்னையும் கொழுவ உனக்கு என்ன அவசரம்?"

அது பாதிக் காரணம். மீதியை அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதுவும் உந்தப் படங்களுக்கு நடுவில."

உந்தப் படங்கள் எதைப் பற்றியவை என்று அம்மாவுக்குத் தெரியும். பட்டப்படிப்பின் இரண்டாம் வருடத்தில், அதே குசினியில், நான் ஆண்களை விரும்புகிற ஆள் இல்லை என்று அவரிடம் சொல்லியிருந்தேன். நான் சொல்லி முடிக்கவும் அம்மா தண்ணீர்ப் பைப்பை முழுவதாகத் திறந்து ஒரு சட்டியைக் கழுவினார். ஏற்கனவே கழுவி வைத்திருந்த சட்டி. பிறகு "முதல்ல சோதினையை முடி" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை. தேத்தண்ணி நேரத்துக்கு வந்தது. ஒருவேளை அம்மா மறந்தே போனாரோ என்றுகூட நான் நினைத்தது உண்டு.

அவனுடைய அம்மாவோ ஒன்றையும் மறைக்கிற ஆள் இல்லை. நாற்காலியில் இருந்தபடி வாய் ஓயாமல் பேசுவார். அவனுடைய காதலனைப் பற்றி ஸ்டூடியோ முழுக்கக் கேட்கிறபடி விசாரிப்பார்.

"டேய், அவனுக்குக் காய்ச்சல் விட்டிச்சா?"

"விட்டிச்சும்மா. வாய மூடுங்க, ஒதடு வரையிறேன்."

"கஞ்சி வச்சிக் குடுத்தேனே, குடிச்சானாமா?"

"குடிச்சான்."

"பொய். அவன் குடிக்க மாட்டான், அவன் மூஞ்சியே சொல்லும். ஞாயித்துக்கெழம பூசைக்குப் பொறகு வீட்டுக்கு வரச் சொல்லு."

நான் முதுகைக் காட்டிக்கொண்டு என் கன்வஸில் யாரோ ஒருவரின் முதுகை வரைந்துகொண்டிருந்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தாராம். எனக்கு ஒரு காதலி இருந்த காலத்தில் அவளுக்கும் காய்ச்சல் வந்தது. அவளுக்கு யார் கஞ்சி கொடுத்தார்கள்? சிவப்பை அளவுக்கு மிஞ்சிப் பிதுக்கி, அந்த முதுகையே பாழாக்கினேன்.

ஒரு நாள் வெளியே படிக்கட்டில் இருக்கும்போது அவனிடம் சொல்லியே விட்டேன். "உனக்கு எல்லாம் சும்மா கிடைக்குதடா."

அவன் சிரிக்கவில்லை. "இப்ப அவங்க சிரிச்சிக்கிட்டு இருக்கிறத மட்டும் நீ பார்க்கிறே" என்றான். முன்னால் என்ன நடந்தது என்று கேட்கிற பொறுமை அப்போது எனக்கு இல்லை. பரீட்சைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, என்னிடம் அம்மா இல்லை.

அப்படித்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனைகள் எனக்கு வேகமாகத்தான் வரும்.

"அன்ரி, எனக்கும் ஒரு நாள் இருப்பீங்களா?" என்று அவனுடைய அம்மாவிடம் கேட்டேன்.

"ஏன் இருக்க மாட்டேன் புள்ள? ஒக்காந்துக்கிட்டு இருக்கிற வேலதானே."

"ஏய், அது என் அம்மாடி" என்றான் அவன்.

"தாவன் ஒரு நாளைக்கு. தேய்ஞ்சோ போவா?"

அம்மா வேலைக்குப் போன ஒரு காலையில் அலுமாரியைத் திறந்து அவருடைய கூறையை எடுத்தேன். கலியாணத்தில் தாலி கட்டும்போது உடுத்த சேலை. அரக்குச் சிவப்பில் பொன் கட்டங்கள் போட்டது. அப்பா இருந்தவரை ஒன்றிரண்டு முறை கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அப்பா போன பிறகு அம்மா அதைக் கட்டவில்லை. எங்கள் வழக்கத்தில் கட்டமாட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறை விரித்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து வைப்பார், அவ்வளவுதான். அம்மா வராவிட்டால் கூறையாவது வரட்டும், கூறைக்குள் ஒரு அம்மா இருந்தால் போதும், முகத்தை என் அம்மாவுடையதாக மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

கொட்டாஞ்சேனை அன்ரிக்குக் கூறை கட்டத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. போனில் ஒரு வீடியோவைப் போட்டு இருவரும் பார்த்துப் பார்த்துக் கட்டினோம். கொசுவம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.

"அம்மாக்கு இது தெரியுமா புள்ள?"

"ஓம் அன்ரி."

"கலியாணச் சீலய நம்பிக் குடுத்திருக்காங்க. பெரிய மனசு" என்று நிலத்தில் கொட்டியிருந்த சாயம் எதுவும் படாமல் சேலையை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டு இருந்தார்.

ஒரு நாள் என்று கேட்டது மூன்று நாளாக நீண்டது. கூறை அற்புதமாக வந்தது. கட்டங்களின் பொன் இழை விளக்கில் எரிவதுபோலவே வந்தது. முகம் வரவில்லை. வாயை அழுத்தி வரைந்தால் அன்ரி சிரித்துவிடுவார், கண்ணைக் கடுமையாக்கினால், "களைச்சிப் போயிட்டியா மகள்?" என்று அந்தக் கண் என்னைக் கேட்கும். நான் என்ன செய்தாலும் கன்வஸில் இருந்தது அவனுடைய அம்மாதான். அவன் வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தான்.

"என் அம்மாவக் கடன் வாங்கி, என் அம்மாவத்தான் வரஞ்சிருக்கே."

"போடா."

"ஆனா என்னோட படத்தில இப்பிடிச் சிரிக்கல்ல" என்றான். அவன் குரலும் கொஞ்சம் மாறித்தான் இருந்தது. அது எனக்கு இனித்தது, அதை மறைக்க மாட்டேன்.

அன்ரி கூறையைத் தானே மடித்துத் தந்தார். நான் கொண்டுபோய் அலுமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சேலைகளை பல்கனியில் காற்றாடப் போட எடுத்தார். நான் எழும்பி வரும்போது கட்டிலில் கூறை விரிந்து கிடந்தது, அம்மா அதற்குப் பக்கத்தில் நின்றார், கையில் சிறிய ஒரு படம். தேவாலய வாசலில் விற்பார்களே, உள்ளங்கை அளவில், ஒரு புனிதரின் படம். தொலைந்ததைத் தேடித் தருகிறவர். விலையான சேலைகளின் மடிப்புக்குள் அவரை வைத்தால் சேலை கெட்டுப்போகாமல் களவு போகாமல் இருக்குமாம் என்று பிறகு அன்ரி எனக்கு விளக்கினார். நல்ல மனதோடு வைத்திருக்கிறார்.

"வேதக்காரரின்ர சாமிப் படம் என்ர கூறைக்குள்ள எப்பிடி வந்தது?" என்றார் அம்மா. கிறிஸ்தவர்களை அம்மா அப்படித்தான் சொல்வார்.

அம்மா கட்டிலின் ஓரத்தில் இருந்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. கோபமாக மாறும் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

"ஆர் பெடியன்?"

"என்னம்மா?"

"வேதக்காரப் பெடியன் ஆரும் இருக்கிறானோ? அவன்ர வீட்டை கொண்டுபோய்க் காட்டினனியோ? மறைக்காதை பிள்ளை. வேதமெண்டாலும்..." அம்மா கையிலிருந்த படத்தைத் திருப்பி ஒரு முறை பார்த்தார். "வேதமெண்டாலும் பரவாயில்லை. நான் மாமா ஆக்களோட கதைப்பன்."

என் மச்சாள் ஒருத்தி கத்தோலிக்கப் பையனைக் கட்டியபோது கலியாணத்துக்கே போகாத அம்மா இது. அந்தக் கணத்தில் அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. இல்லாத ஒரு பையனுக்காக இவ்வளவு இடம் விடுகிறார். எனக்கு ஒரு அங்குலம் விடவில்லை. இல்லாத ஆளின் மேல் பொறாமைப்பட முடியுமா என்று யாரும் கேட்டால், முடியும்.

"பெடியனும் இல்லை ஒண்டும் இல்லை. என்னோட படிக்கிறவன்ர அம்மா உங்கட கூறையைக் கட்டிக்கொண்டு எனக்குப் படத்துக்கு இருந்தவ. அவதான் அதை வச்சிருப்பா."

வெளிச்சம் அணைந்தது. அம்மா படத்தைக் கட்டிலில் வைத்தார்.

"கட்டினவவோ?"

"ஓம்."

"இதை?"

"ஓம்."

"கட்டிக்கொண்டு உனக்கு அம்மாவா இருந்தவவோ?"

அம்மா சத்தம் போடவில்லை. கூறையைத் தன் பக்கம் இழுத்து, அன்ரி மடித்த மடிப்பையெல்லாம் கையால் நீவி நீவி அழித்து, தன்னுடைய மடிப்பில் மடித்தார். மடித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன வயசிருக்கும் அவவுக்கு?"

"உங்கட வயசுதான்."

"புருசன் இருக்கிறாரோ?"

"இருக்கிறார்."

"ம். வடிவோ?"

"அம்மா!"

"கேட்டதுக்குச் சொல்லன். என்னைவிட வடிவோ?"

பொறாமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. அது என் முன்னால் கட்டிலில் உட்கார்ந்து கூறை மடித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு லீவு போடுறன்" என்றார் அம்மா. "எத்தினை மணிக்கு வரவேணும்?"

மறுநாள் அம்மா பஸ்ஸில் வரவில்லை. ஓட்டோ பிடித்து, வங்கிக்குக் கட்டுகிற நீலச் சேலையில், கூறையை ஒரு பையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். யாருக்கும் கட்லட் கொண்டுவரவில்லை. நேரே என்னிடம் வந்து, "எங்க மற்றப் படம்?" என்றார். சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்ததைத் திருப்பிக் காட்டினேன். கைகளைக் கட்டிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"மனிசி வடிவுதான். கொசுவம் பிழை."

நாற்காலியில் இருந்தார். பையிலிருந்து கூறையை எடுத்து, விரிக்காமல், மடித்தபடியே மடியில் வைத்து அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்தார். "கட்டமாட்டன். கேக்காதை. இப்பிடியே கீறு."

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழும்பிப் போயிருப்பார். நாற்காலிக் கால்களைச் சுற்றிச் சோக்கால் அடையாளம் போட்டேன், அடுத்த முறையும் அதே இடத்தில் நாற்காலி நிற்பதற்காக. கைகளில் தொடங்கினேன். அம்மா தலையை ஒரு பக்கம் திருப்பி, யன்னலைப் பார்த்தபடி, வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பாரே அப்படி இருந்தார்.

பத்து மணிபோல அவன் இஞ்சித் தேத்தண்ணியோடு வந்தான்.

"தம்பி, நீரோ அந்த மனிசியின்ர மகன்?"

"ஓம் அன்டி."

"இரும்."

அவன் நிலத்தில் காலை மடக்கிச் சப்பாணி கொட்டி இருந்தான். அம்மா யன்னலைப் பார்த்தபடியே கேட்டார். "உம்மட விசயம் அம்மாவுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

என் தூரிகை நின்றுவிட்டது.

"போன்ல மெசேஜ் பார்த்திட்டாங்க அன்டி. செருப்பக் கழட்டி அடிச்சாங்க. ஃபாதர்கிட்ட இழுத்திட்டுப் போய் செபம் பண்ண வச்சாங்க. கன நாள் என்னோட பேசல்ல. சாப்பாட்டு பிளேட்ட மேசையில வச்சிட்டு திரும்பிப் பார்க்காமப் போவாங்க." அவன் சிரித்தான். "பொறகு ஒரு நாள் என்னோட ஆளு எங்க வீட்டுக்கு வந்து கூரையில ஓடு மாத்திக் குடுத்தான். அதோட எல்லாம் சரியாப் போச்சு."

அம்மா சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "நல்ல பெடியனோ?"

"என்னய விட நல்லவன்."

"என்ன வேலை?"

"ஹாபர்ல க்ளார்க்."

"சமைப்பாரோ?"

"சுடுதண்ணி வைப்பான்."

"குடும்பம் என்ன மாதிரி? தாய் தகப்பன் இருக்கினமோ? அவைக்குத் தெரியுமோ?"

ஒவ்வொரு கேள்வியும் எனக்குரியது. வருடக்கணக்காகப் பைப்புச் சத்தத்துக்குக் கீழே நான் காத்திருந்த கேள்விகள், என் கண் முன்னாலேயே, நிலத்தில் சப்பாணி கொட்டி இருக்கிற ஒருவனுக்குக் கட்லட் பகிர்வதுபோலப் பகிரப்பட்டுக்கொண்டிருந்தன. அவனுக்குத்தான் ஏற்கனவே ஒரு அம்மா இருக்கிறாரே!

"தலையை ஆட்டாதேங்கோ அம்மா" என்றேன். குரல் கத்திபோல வந்தது.

அவன் கெட்டிக்காரன். கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு எழும்பிப் போய்விட்டான். அம்மா அசையாமல் இருந்தார்.

"உதையெல்லாம் என்னட்டைக் கேட்டிருக்கலாம்" என்றேன்.

"நீ ஒண்டும் சொல்லேல்லையே."

"சொன்னனான். குசினியில."

"சொன்னனி. பிறகு?"

"பிறகு நீங்கள் பைப்பைத் திறந்தனீங்கள்."

கூறையின் மேல் இருந்த அம்மாவின் விரல்கள் ஒரு முறை இறுகித் தளர்ந்தன. நான் அந்த விரல்களையே வரைந்துகொண்டிருந்தேன். திரும்பவும் பேசியபோது அவர் குரல் யன்னலுக்குச் சொல்வதுபோல இருந்தது.

"ஆரும் இருக்கினமோ, உனக்கு?"

"இருந்தவ. போன வருசம் கனடாவுக்குப் போயிட்டா. பிறகு கதைக்கிறேல்லை."

"அப்பதானோ நீ சாப்பிடாமல் கிடந்தனி?"

"ஓம்."

"நான் அல்சர் எண்டு டொக்டர்மாரட்டைக் கூட்டிக்கொண்டு திரிஞ்சனான்."

"ஓம்."

"மருந்தையும் குடிச்சனி."

"நீங்கள் தந்தனீங்கள். குடிச்சன்."

அம்மா கண்ணை மூடித் திறந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச பிள்ளையோ?"

"எங்கட வீட்டை வந்திருக்கிறா. கண்ணாடி போட்ட, உயரமான பிள்ளை. உங்கட தோசை நல்லா இருக்கெண்டு திரும்பவும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவ."

"அவளோ?" அம்மா நான் சொன்னதையும் மறந்து தலையைத் திருப்பி என்னை நேரே பார்த்தார். மூக்கு விரிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே ஒரு நரம்பு துடித்தது. "என்ர கையால தோசை வாங்கித் திண்டிட்டோ என்ர பிள்ளையை விட்டிட்டுப் போனவள்? அவளுக்கு என்ன, கனடாவில இதைவிட நல்ல ஆள் கிடைச்சிட்டாமோ?"

அம்மாவின் இரண்டு கைகளும், என்னையே பிடித்திருப்பதுபோல, கூறையை இறுகப் பிடித்திருந்தன. யன்னலைப் பார்க்கிற முகத்தை நான் பாதி வரைந்துவிட்டிருந்தேன். அதைத் துணியால் துடைத்தேன்.

"அப்பிடியே இருங்கோ அம்மா" என்றேன். "யன்னல் பக்கம் திரும்பாதேங்கோ. சொல்லுங்கோ, அவளைப் பற்றி இன்னும் சொல்லுங்கோ."

சொன்னார். மத்தியானம் வரை சொன்னார்.